கம்பைல் ஆகும், இம்போர்ட் ஆகாது: மேக்கில் டேட்டாபேஸ் மாட்யூல்களின் ஆர்க்கிடெக்சர் சிக்கலைத் தீர்ப்பது எப்படி

இன்டெல் மேக்கில் பல வருடம் ஓடிய பைத்தான் அல்லது ரூபி ப்ராஜெக்டை எம் வரிசை சிப் உள்ள மேக்குக்கு மாற்றும்போது முக்கால்வாசி பேக்கேஜ்கள் சத்தமில்லாமல் ஏறிவிடும். அடம்பிடிப்பது டேட்டாபேஸ் மாட்யூல்தான். பைத்தானில் சைக்கோபிஜி2, மைஎஸ்கியூஎல்கிளையன்ட், ரூபியில் பிஜி, மைஎஸ்கியூஎல்2, பெர்லில் டிபிடி-மைஎஸ்கியூஎல். எல்லாமே சி மொழியில் எழுதப்பட்ட மெல்லிய இணைப்புகள். சர்வரோடு பேசும் வேலையை உண்மையில் செய்வது வேறொரு கிளையன்ட் லைப்ரரி. போஸ்ட்கிரெஸ் என்றால் அது லிப்பிக்யூ, மைஎஸ்கியூஎல் என்றால் லிப்மைஎஸ்கியூஎல்கிளையன்ட்.

ஆகவே ஒரே ப்ராசஸுக்குள் மூன்று பேர் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது: இன்டர்பிரெட்டர், நீங்கள் கம்பைல் செய்த மாட்யூல், கிளையன்ட் லைப்ரரி. மூன்றும் ஒரே ஆர்க்கிடெக்சரில் இருந்தே ஆக வேண்டும். ஒன்று ஆர்ம்64 (எம் சிப்), இன்னொன்று எக்ஸ்86-64 (இன்டெல்) என்றால், இன்டெல் நிரல்களை எம் சிப்பில் ஓட்டும் ஆப்பிளின் ரொசெட்டாவாலும் உதவ முடியாது. அது ஒரு ப்ராசஸை முழுதாக மொழிபெயர்க்கும், பாதியை மட்டும் மொழிபெயர்க்காது. கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் இந்த மூன்றில் எது தனித்து நிற்கிறது என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு முகங்கள். அதற்கு விடை தெரியாமல் எதையும் அழித்துத் திரும்ப இன்ஸ்டால் செய்யாதீர்கள். பிழை போகாது, இருந்த தடயமும் போய்விடும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். பிஜி-கான்ஃபிக் போன்ற பல பெயர்களில் அடிக்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு போட்டிருக்கிறேன்.

முதலில் மூவரையும் விசாரியுங்கள்

இன்டர்பிரெட்டரிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: அது எந்த ஆர்க்கிடெக்சர்களில் ஓடக்கூடியது, இப்போது எதில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாவதற்கு ‘லிப்போ -ஆர்ச்ஸ்’ கட்டளையோடு பைத்தான் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். பைத்தான் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலர் என்றால் இரண்டு பெயரும் வரும், 3.9.1 முதல் வரும் யூனிவர்சல்2 பதிப்பு அப்படித்தான். ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் வழியாக வந்த பைத்தானில் ஒன்றுதான் வரும். இரண்டாவதற்குப் பைத்தானுக்குள்ளேயே பிளாட்ஃபார்ம் மாட்யூலின் ‘மெஷின்’ ஃபங்ஷனை அழைத்துப் பாருங்கள். ரூபியில் ‘ரூபி பிளாட்ஃபார்ம்’ என்ற கான்ஸ்டன்ட் போதும். ஆர்ம்64-டார்வின் அல்லது எக்ஸ்86-64-டார்வின் என்று தொடங்கும்.

லைப்ரரியையும் அதே ‘லிப்போ -ஆர்ச்ஸ்’ கொண்டு பாருங்கள். ஆனால் எந்த லைப்ரரி? உங்கள் மனதில் இருப்பதை விட்டுவிட்டு, பில்ட் கண்டுபிடிப்பது எதுவோ அதைப் பார்க்க வேண்டும். சைக்கோபிஜி2 பில்ட் ஆகும்போது பாத்தில், அதாவது ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில், முதலில் அகப்படும் ‘பிஜி-கான்ஃபிக்’ சொல்வதை அப்படியே நம்பும். ‘விச் -ஏ பிஜி-கான்ஃபிக்’ என்று கொடுத்தால் எத்தனை பிரதி இருக்கிறது, எது முதலில் நிற்கிறது என்பது தெரியும். மைஎஸ்கியூஎல்கிளையன்ட் 2.2 பதிப்பிலிருந்து ‘பிகேஜி-கான்ஃபிக்’கை நம்புகிறது, ‘பிகேஜி-கான்ஃபிக் --லிப்ஸ் மைஎஸ்கியூஎல்கிளையன்ட்’ என்றால் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்று பாருங்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஆப்ட் என்று தொடங்கினால் இன்டெல் ஹோம்ப்ரூ. /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்றால் ஆர்ம் ஹோம்ப்ரூ. /யூஎஸ்ஆர்/லோக்கல்/மைஎஸ்கியூஎல் என்றால் டிஎம்ஜி இன்ஸ்டாலரில் வந்தது. அதில் ஆர்ம், எக்ஸ்86 என்று இரண்டு தனித்தனி டவுன்லோடுகள் உண்டு என்பதால் பாதையை வைத்து முடிவு செய்ய முடியாது, லிப்போதான் சொல்லும்.

பழைய மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாக எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தால் இன்டெல் ஹோம்ப்ரூவும் முழுசாகக் கூடவே வந்திருக்கும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான்.

அறிகுறி: “இன்கம்பாட்டிபிள் ஆர்க்கிடெக்சர், ஹேவ் எக்ஸ்86-64, நீட் ஆர்ம்64”

எல்லாவற்றிலும் நேர்மையான செய்தி இது. ‘ஹேவ்’ என்பது கையில் இருக்கும் ஃபைல், ‘நீட்’ என்பது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ். பழைய மேக் ஓஎஸ்களில் இதுவே “ராங் ஆர்க்கிடெக்சர்” என்று மட்டும் வரும்.

செய்தியில் வரும் ஃபைல் பெயரைப் பாருங்கள். அது உங்கள் மாட்யூலின் .எஸ்ஓ ஃபைலா, அல்லது லிப்பிக்யூ போன்ற .டைலிப்பா? .எஸ்ஓ என்றால் மாட்யூலே வேறு ஆர்க்கிடெக்சரில் பில்ட் ஆனது. வெர்ச்சுவல் என்விரான்மென்டை (ஒரு ப்ராஜெக்டின் பேக்கேஜ்கள் மட்டும் இருக்கும் தனி ஃபோல்டர்) இன்டெல் பைத்தான் காலத்தில் உருவாக்கி இப்போது ஆர்ம் பைத்தானில் திறந்தால் இப்படி வரும். லினக்ஸில் மாட்யூல் ஃபைலின் பெயரிலேயே ஆர்க்கிடெக்சர் எழுதியிருக்கும். மேக்கில் ‘டார்வின்’ என்று மட்டும்தான் இருக்கும். அதனால் தவறான ஃபைல் என்று பைத்தானுக்கு முன்கூட்டியே தெரிய வழியில்லை, திறந்து பார்த்த பிறகுதான் தடுக்கி விழுகிறது. வெர்ச்சுவல் என்விரான்மென்டை ஒட்டுப்போட முயலாமல் புதிதாக உருவாக்குங்கள்.

.டைலிப் என்றால் மாட்யூல் சரி, லைப்ரரிதான் தப்பு. இது அரிது, பில்ட் செய்த பிறகு யாராவது லைப்ரரியை மாற்றியிருந்தால் வரும்.

‘ஹேவ் ஆர்ம்64, நீட் எக்ஸ்86-64’ என்று தலைகீழாக வந்தால் மாட்யூலைத் தொடவே வேண்டாம். ஓடும் ப்ராசஸ்தான் ரொசெட்டாவுக்குள் போயிருக்கிறது. கீழே டெர்மினல் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: “சிம்பல் நாட் ஃபவுண்ட் இன் ஃப்ளாட் நேம்ஸ்பேஸ்”

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப் “சக்சஸ்ஃபுலி இன்ஸ்டால்ட்” என்று சொல்லிவிட்டது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. இம்போர்ட் செய்தால் மட்டும் விழுகிறது. செய்தியின் கடைசியில் ஒரு சி ஃபங்ஷன் பெயர்: அடிக்கோடு பிக்யூபேக்கெண்ட்பிஐடி, அல்லது அடிக்கோடு மைஎஸ்கியூஎல்-அஃபெக்டட்-ரோஸ். செய்தி முழுக்கத் தேடினாலும் ஆர்க்கிடெக்சர் என்ற சொல் கிடைக்காது. அதனால்தான் பலர் லைப்ரரி பழசு என்றோ பைத்தான் பதிப்பு ஒத்துவரவில்லை என்றோ நினைத்து வேறு பக்கம் தேடிப் போகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஆர்ம்64 மாட்யூலைக் கட்டும்போது, கம்பைல் ஆனதை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர் லிப்பிக்யூவைத் தேடிப் போகிறது. அகப்படுவது எக்ஸ்86-64 லிப்பிக்யூ. லிங்கர் அங்கே நின்று பிழை சொல்வதில்லை. “இக்னோரிங் ஃபைல்” என்று ஒரு எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு அந்த ஃபைலை இல்லாததாகவே நினைத்துக்கொண்டு மேலே போகிறது. சாதாரண நிரல் என்றால் ஃபங்ஷன்கள் கிடைக்கவில்லை என்று அடுத்த படியிலேயே பில்ட் நின்றிருக்கும். ஆனால் மேக்கில் பைத்தான் மாட்யூல்களை லிங்க் செய்யும்போது ‘அன்டிஃபைன்ட் டைனமிக்-லுக்கப்’ என்ற ஆப்ஷன் சேர்கிறது. கிடைக்காத பெயர்களை ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். பைத்தானின் சொந்த ஃபங்ஷன்களுக்காகத்தான் அந்த ஆப்ஷன். இன்டர்பிரெட்டருக்குள் அவை இருக்கும், இம்போர்ட் ஆகும்போது கிடைத்துவிடும். அதே சலுகை லிப்பிக்யூ ஃபங்ஷன்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எனவே பில்ட் ஜெயிக்கிறது. பில்ட் ஜெயித்தால் பிப் அதன் வெளியீட்டைக் காட்டுவதில்லை. அந்த ஒற்றை எச்சரிக்கையும் அதோடு மறைந்துபோகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. மாட்யூலின் .எஸ்ஓ ஃபைல் மேல் ‘ஓடூல் -எல்’ ஓட்டுங்கள். அது எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். நல்ல மாட்யூலில் லிப்பிக்யூ.5.டைலிப் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கெட்டுப்போனதில் அந்த வரியே இருக்காது. லிப்சிஸ்டம் மட்டும் தனியாக நிற்கும். வரி இல்லையென்றால் லிங்கர் லைப்ரரியைத் தூக்கிப் போட்டுவிட்டது என்று பொருள். வேறு ஊகமே தேவையில்லை.

தீர்வை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஆர்ம் ஹோம்ப்ரூவின் ‘ப்ரூ’வை முழுப் பாதையோடு அழைத்து, அதாவது /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின் என்பதற்குள் இருக்கும் ‘ப்ரூ’வைக் கொண்டு, லிப்பிக்யூவையோ மைஎஸ்கியூஎல்-கிளையன்டையோ இன்ஸ்டால் செய்யுங்கள். இவை இரண்டும் கெக்-ஒன்லி வகை. ஹோம்ப்ரூ இவற்றைப் பொதுவான பின் ஃபோல்டரில் வைக்காது. இன்ஸ்டால் செய்தும் ‘பிஜி-கான்ஃபிக்’ அகப்படாததற்கு இதுதான் காரணம். ஆகவே /ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஆப்ட்/லிப்பிக்யூ/பின் என்ற ஃபோல்டரைப் பாத்தின் தலையில் சேருங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் ‘பிகேஜி-கான்ஃபிக்-பாத்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் மைஎஸ்கியூஎல்-கிளையன்டின் லிப்/பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டரைக் கொடுங்கள். பின்னர் ‘விச் -ஏ’ மறுபடி ஓட்டி, முதல் வரி மாறிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்ததுதான் பலர் தவறவிடும் படி. பிப் ஒருமுறை பில்ட் செய்த வீலை, அதாவது இன்ஸ்டாலுக்குத் தயாரான பேக்கேஜ் ஃபைலை, கேஷில் வைத்திருக்கும். கெட்டுப்போன வீலும் அங்கே பத்திரமாக இருக்கும். அதன் மேல் உள்ள லேபிள் ஆர்ம்64 அல்லது யூனிவர்சல்2 என்று ஒழுங்காகவே இருப்பதால் அடுத்த முறை பிப் அதையே எடுத்து வைக்கும். நீங்கள் பாத்தைச் சரியாகத் திருத்தியிருந்தும் பிழை அப்படியே நிற்கும். இன்ஸ்டால் இரண்டு நொடியில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். அது பில்ட் இல்லை, கேஷ். பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ‘--நோ-கேஷ்-டிர்’ ஆப்ஷனோடும், சைக்கோபிஜி2 பெயரைக் கொடுத்து ‘--நோ-பைனரி’ ஆப்ஷனோடும் இன்ஸ்டால் செய்யுங்கள். கூடவே ‘-வி’ சேர்த்தால் மறைந்திருந்த எச்சரிக்கையும் கண்ணில் படும்.

முடிந்ததும் மறுபடி ‘ஓடூல் -எல்’. லிப்பிக்யூ வரி வந்திருக்க வேண்டும், அது /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்று தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு இம்போர்ட் செய்து பாருங்கள்.

அவசரத்துக்கு சைக்கோபிஜி2-பைனரி என்ற பேக்கேஜை வைத்துச் சமாளிக்கலாம். லிப்பிக்யூ அதற்குள்ளேயே வரும், கம்பைல் வேலை இல்லை. டெவலப்மென்டுக்கும் சோதனைக்கும் அது போதும், ப்ரொடக்‌ஷனுக்கு சோர்ஸிலிருந்து பில்ட் செய்யுங்கள் என்பது அதை எழுதியவர்களே சொல்லும் ஆலோசனை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மைஎஸ்கியூஎல் பக்கம் கம்பைலரே வேண்டாம் என்றால் பைமைஎஸ்கியூஎல் இருக்கிறது. முழுக்கப் பைத்தானிலேயே எழுதியது, வேகம் குறையும், ஆனால் ஆர்க்கிடெக்சர் என்ற பேச்சே எழாது.

அறிகுறி: “இக்னோரிங் ஃபைல்” எச்சரிக்கை வருகிறது, ஆனால் எல்லாம் ஓடுகிறது

பயப்பட வேண்டாம், ஆனால் எச்சரிக்கையை முழுதாக வாசியுங்கள். யூனிவர்சல்2 பைத்தான் ஒவ்வொரு மாட்யூலையும் இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் சேர்த்தே கம்பைல் செய்யப் பார்க்கும். உங்களிடம் இருப்பதோ ஆர்ம்64 லைப்ரரி மட்டும். எனவே எக்ஸ்86-64 பாதியைக் கட்டும்போது லைப்ரரி பொருந்தாமல் எச்சரிக்கை வரும். “பில்டிங் ஃபார் எக்ஸ்86-64” என்று இருந்தால், நீங்கள் பயன்படுத்தாத பாதிதான் ஊனமானது, விட்டுவிடலாம். “பில்டிங் ஃபார் ஆர்ம்64” என்று இருந்தால் மேலே சொன்ன ஃப்ளாட் நேம்ஸ்பேஸ் பிழை உங்களுக்காகக் காத்திருக்கிறது. எக்ஸ்கோட் 15இல் வந்த புதிய லிங்கர் இதையே “ஃபவுண்ட் ஆர்க்கிடெக்சர், ரிக்வயர்ட் ஆர்க்கிடெக்சர்” என்று வேறு வாசகத்தில் சொல்லும். ரிக்வயர்ட் என்பதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

எச்சரிக்கையே வேண்டாம் என்றால் ‘ஆர்ச்ஃப்ளாக்ஸ்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ‘-ஆர்ச் ஆர்ம்64’ என்று கொடுத்து பில்ட் செய்யுங்கள். ஒரு பாதி மட்டும் கம்பைல் ஆகும்.

இந்த வேரியபிள் எல்லா நோய்க்கும் மருந்து என்று இணையத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதன் எல்லை சிறியது. மாட்யூல் எந்த ஆர்க்கிடெக்சரில் பிறக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஏற்கெனவே பிறந்துவிட்ட லைப்ரரியை அது மாற்றாது. லைப்ரரி எக்ஸ்86-64ஆக இருக்கும்போது ‘-ஆர்ச் ஆர்ம்64’ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பழைய பதில்களைப் படிக்கும்போது குழப்பம் குறையும். 2009 ஆகஸ்டில் ஸ்னோ லெப்பர்ட் வந்தபோது சிஸ்டத்தின் ரூபியும் பைத்தானும் 64 பிட்டுக்கு மாறின. பலரிடம் இருந்ததோ 32 பிட் மைஎஸ்கியூஎல். ரூபியின் மைஎஸ்கியூஎல் ஜெம் (ரூபியில் பேக்கேஜுக்குப் பெயர் ஜெம்) இன்ஸ்டால் ஆகிவிடும், ரெயில்ஸ் தொடங்கும்போது “அன்இனிஷியலைஸ்ட் கான்ஸ்டன்ட் மைஎஸ்கியூஎல்காம்பாட்” என்று விழும். 64 பிட் மைஎஸ்கியூஎல் போட்டுவிட்டு, ஆர்ச்ஃப்ளாக்ஸில் எக்ஸ்86-64 கொடுத்து ஜெம்மைத் திரும்ப இன்ஸ்டால் செய்வதுதான் அன்றைய தீர்வு. இதில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். பிறகு 2011இல் எக்ஸ்கோட் 4 பவர்பிசி கம்பைலரைக் கைவிட்டபோது, பவர்பிசிக்கும் சேர்த்து பில்ட் செய்யப் பார்த்த பைத்தான் 2.6 விழுந்தது, அதற்கும் இதே வேரியபிள் உதவியது. அந்தப் பதில்களில் வரும் எக்ஸ்86-64ஐ அப்படியே இன்றைய எம் சிப் மேக்கில் ஒட்டினால் நல்ல நிலையில் இருக்கும் செட்டப்பையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

அறிகுறி: ரூபி “கிளையன்ட் இஸ் மிஸ்ஸிங்” என்கிறது, ஆனால் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது

மைஎஸ்கியூஎல்2 ஜெம் இப்படிச் சொல்லி, ப்ரூவில் இன்ஸ்டால் செய்யச் சொல்லும். நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள். பிஜி ஜெம்மும் லிப்பிக்யூ கிடைக்கவில்லை என்று புலம்பும்.

ரூபியின் வழி வேறு. கம்பைல் செய்வதற்கு முன் ஒரு சின்ன சி நிரலை எழுதி, லைப்ரரியோடு லிங்க் செய்து பார்க்கும். லிங்க் ஆகவில்லை என்றால் லைப்ரரி இல்லை என்று முடிவு கட்டிவிடும். இல்லாததும் பொருந்தாததும் அதற்கு ஒன்றுதான். உண்மை எம்கேஎம்எஃப்.லாக் என்ற ஃபைலில் இருக்கிறது. பிழைச்செய்தியின் அடியிலேயே அதன் பாதை வரும். திறந்து, மைஎஸ்கியூஎல் பெயர் வரும் இடத்துக்குப் போங்கள். “இக்னோரிங் ஃபைல்”, அதன் கீழே “அன்டிஃபைன்ட் சிம்பல்ஸ் ஃபார் ஆர்க்கிடெக்சர் ஆர்ம்64” என்று இருந்தால் ஆர்க்கிடெக்சர் முரண். “லைப்ரரி நாட் ஃபவுண்ட்” என்று இருந்தால், அதுவும் மைஎஸ்கியூஎல்லைச் சொல்லாமல் இஸட்எஸ்டிடி அல்லது எஸ்எஸ்எல்லைச் சொன்னால், இது ஆர்க்கிடெக்சர் சிக்கலே இல்லை. /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரை லிங்கர் கேட்காமலே தேடும், /ஆப்ட்/ஹோம்ப்ரூவைத் தேடாது. ‘எல்டிஃப்ளாக்ஸ்’ வேரியபிளில் அந்த ஃபோல்டரைக் கொடுத்தால் தீரும்.

முரண்தான் என்று உறுதியானால், ஜெம் இன்ஸ்டால் கட்டளையில் இரண்டு கோடுகளுக்குப் பின் ‘--வித்-மைஎஸ்கியூஎல்-டிர்’ என்று ஆர்ம் ஹோம்ப்ரூவின் பாதையைக் கொடுங்கள். பண்ட்லர் பயன்படுத்தினால் ‘பண்டில் கான்ஃபிக்’ வழியாக அதே ஆப்ஷனைப் பதிந்து வையுங்கள். ரூபி பதிப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎன்வ் கொண்டு ரொசெட்டா டெர்மினலில் பில்ட் செய்த ரூபி என்றால் இவை எதுவும் உதவாது. அந்த ரூபியே எக்ஸ்86-64. ரூபியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும்.

அறிகுறி: டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை

அதே ஃபோல்டர், அதே வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதே கட்டளை. ஓர் இடத்தில் ஓடுகிறது, இன்னோர் இடத்தில் ஹேவ்-நீட் பிழை. இதற்கும் சாதாரணமான காரணம்தான். யூனிவர்சல் நிரலை ஒரு ரொசெட்டா ப்ராசஸ் தொடங்கினால், அது எக்ஸ்86-64 பாதியைத்தான் எடுத்து ஓட்டும். மேக்கின் இஸட்ஷெல் யூனிவர்சல், யூனிவர்சல்2 பைத்தானும் அப்படியே. எடிட்டரின் இன்டெல் பதிப்பை வைத்திருந்தால் அதற்குள் திறக்கும் ஷெல் ரொசெட்டாவில் இருக்கும், ஷெல் தொடங்கும் பைத்தானும் ரொசெட்டாவில் இருக்கும். இன்டெல் ஹோம்ப்ரூவிலிருந்து வந்த டிமக்ஸிலும் இதே கதைதான்.

பிழை வரும் இடத்திலேயே ‘சிஸ்சிடிஎல் -என் சிஸ்சிடிஎல்.ப்ராக்-டிரான்ஸ்லேட்டட்’ என்று கேளுங்கள். 1 வந்தால் ரொசெட்டாவுக்குள் இருக்கிறீர்கள், 0 என்றால் இல்லை. ‘யூநேம் -எம்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். ரொசெட்டாவுக்குள் இருந்து கேட்டால் எம் சிப் மேக்கும் எக்ஸ்86-64 என்றே பதில் சொல்லும். ‘ப்ரூ கான்ஃபிக்’ வெளியீட்டிலும் ரொசெட்டா பற்றி ஒரு வரி உண்டு.

தற்காலிகத்துக்கு ‘ஆர்ச் -ஆர்ம்64 இஸட்எஸ்எச்’ என்று புது ஷெல் திறக்கலாம். நிரந்தரத் தீர்வு, எடிட்டரின் ஆர்ம் பதிப்பை இறக்குவதும், டெர்மினலின் கெட் இன்ஃபோவில் ரொசெட்டா டிக் இருந்தால் எடுப்பதும்தான். 2020 நவம்பரில் எம்1 வந்த புதிதில் பல கருவிகள் ஆர்மில் தயாராக இல்லை. ஹோம்ப்ரூவே 2021 பிப்ரவரியில் 3.0 பதிப்பில்தான் முறையாக ஆதரித்தது. அன்று டெர்மினலையே ரொசெட்டாவில் திறப்பது நியாயமான வழி. இன்று அதற்குத் தேவை இல்லை. ரொசெட்டாவின் காலம் முடிவுக்கு வருகிறது என்று ஆப்பிளும் 2025இல் அறிவித்துவிட்டது. இன்டெல் ஹோம்ப்ரூவில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, தேவையானதை ஆர்ம் பக்கம் இன்ஸ்டால் செய்துவிட்டு, பழையதை ஹோம்ப்ரூவின் அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் கொண்டு முழுசாக நீக்கிவிடுவது என் பரிந்துரை. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும்வரை பாத் வரிசை ஒருமுறை மாறினாலும் இந்தத் தொல்லை திரும்பி வரும்.

அறிகுறி: “லைப்ரரி நாட் லோடட்”

ஆர்க்கிடெக்சர் போலத் தோன்றும், பெரும்பாலும் அது இல்லை. அடியில் வரும் “ரீசன், டிரைட்” என்ற பகுதியைப் படியுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் பக்கத்தில் “நோ சச் ஃபைல்” என்று மட்டும் இருந்தால், ப்ரூ அப்கிரேடில் லைப்ரரியின் எண் மாறியிருக்கிறது. மாட்யூலைத் திரும்ப பில்ட் செய்தால் போதும். ஏதாவது ஒரு பாதைக்குப் பக்கத்தில் “இன்கம்பாட்டிபிள் ஆர்க்கிடெக்சர்” என்று இருந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: லினக்ஸில் “நோ மாட்யூல் நேம்ட் சைக்கோபிஜி2._சைக்கோபிஜி”

மேக்கில் பேக்கேஜ் செய்து அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் ஏற்றியவர்களுக்கு நன்கு பழக்கமான செய்தி. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஃபைல் அங்கேயே இருக்கும். ஆனால் பெயரின் வால் பகுதியில் ‘டார்வின்’ என்று இருக்கும், அல்லது ஆர்ம் லாம்டாவில் ‘எக்ஸ்86-64-லினக்ஸ்’ என்று இருக்கும். லினக்ஸ் பைத்தான் வேறு சிஸ்டத்தின் அல்லது வேறு ஆர்க்கிடெக்சரின் பெயருள்ள வாலைத் தேடுவதில்லை. அப்படிப்பட்ட ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காது.

லாம்டாவின் செட்டிங்கில் ஆர்ம்64ஆ எக்ஸ்86-64ஆ என்று முதலில் பாருங்கள். அதற்கேற்ப பிப்பில் ‘--பிளாட்ஃபார்ம்’ ஆப்ஷனுக்கு மேனிலினக்ஸ்2014-ஏஆர்ச்64 (லினக்ஸில் ஆர்ம்64க்கு இதுதான் பெயர்) அல்லது மேனிலினக்ஸ்2014-எக்ஸ்86-64 கொடுத்து, ‘--ஒன்லி-பைனரி’யும் ‘--டார்கெட்’டும் சேர்த்து சைக்கோபிஜி2-பைனரியை இறக்குங்கள். கம்பைல் செய்யாமலே சரியான வீல் கிடைக்கும்.

டாக்கரில் இதே சிக்கல், மேக்கின் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர் இமேஜுக்குள் காப்பி ஆவதால் வரும். டாக்கர்இக்னோர் ஃபைலில் அந்த ஃபோல்டரைச் சேருங்கள். “எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்” என்றால் இமேஜே வேறு ஆர்க்கிடெக்சர்; பில்ட் செய்யும்போது ‘--பிளாட்ஃபார்ம்’ கொடுங்கள்.

லினக்ஸில் குழப்பக்கூடிய இன்னொன்று: ஃபைல் கண்ணெதிரே இருக்க, “கேனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல், நோ சச் ஃபைல்” என்று வரும். வேறு சிப்புக்கான .எஸ்ஓ ஃபைலை லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி இல்லாததாகவே கணக்கில் எடுக்கிறது. பெர்மிஷனையும் பாதையையும் சோதித்துக்கொண்டிருக்காமல் ‘ஃபைல்’ கட்டளையை அதன் மேல் ஓட்டுங்கள். 32 பிட், 64 பிட் மாறியிருந்தால் மட்டும் “ராங் ஈஎல்எஃப் கிளாஸ்” என்று நேராகச் சொல்லும். கம்பைல் நேரத்தில் இதே முரண் “ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்” என்ற வரியாக வரும். அடுத்து வரும் “கேனாட் ஃபைண்ட்” என்ற வரியைத்தான் எல்லோரும் தேடுபொறியில் ஒட்டுகிறார்கள். விஷயம் இருப்பது அதற்கு முந்தைய வரியில்.

ராஸ்பெர்ரி பையில் 64 பிட் கெர்னல் மேல் 32 பிட் சிஸ்டம் ஓடுவது உண்டு. ‘யூநேம் -எம்’ ஏஆர்ச்64 என்று கெர்னலைச் சொல்லும். ‘டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்’ ஆர்ம்எச்எஃப் என்று சொன்னால், பைத்தானும் லிப்பிக்யூவும் 32 பிட்தான், அதையே நம்புங்கள்.

அறிகுறி: விண்டோஸில் “நாட் எ வாலிட் வின்32 அப்ளிகேஷன்”, ஆரக்கிளில் “டிபிஐ-1047”

விண்டோஸ் செய்தியில் வரும் வின்32 என்ற சொல் திசைதிருப்பும்; 64 பிட் டிஎல்எல்லை 32 பிட் பைத்தான் திறக்கப் பார்த்தாலும், நேர்மாறாக நடந்தாலும் இதே வாசகம்தான். பைத்தானில் ஸ்ட்ரக்ட் மாட்யூலின் ‘கால்க்சைஸ்’ ஃபங்ஷனுக்கு, பாயின்டர் என்ற சொல்லின் முதல் எழுத்தான பெரிய ‘பி’யைக் கொடுங்கள். 4 வந்தால் 32 பிட், 8 வந்தால் 64 பிட். சிஸ்டம்32 ஃபோல்டரில் 64 பிட் டிஎல்எல்களும், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் 32 பிட் டிஎல்எல்களும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயர்கள் நேர்மாறாகத் தோன்றும்.

டிபிஐ-1047 செய்தி, பைத்தான் எத்தனை பிட்டோ அதே பிட் ஆரக்கிள் கிளையன்ட் லைப்ரரியைத் தேடி, அது கிடைக்காதபோது வரும். எம் சிப் மேக்குக்கு நெடுநாள் இன்டெல் இன்ஸ்டன்ட் கிளையன்ட் மட்டுமே இருந்ததால், இதற்காகவே தனியாக ஒரு ரொசெட்டா பைத்தானைப் பலர் வைத்திருந்தார்கள். இப்போது சிஎக்ஸ்-ஆரக்கிள் என்ற பழைய மாட்யூலை விட்டு, அதன் வாரிசான பைத்தான்-ஆரக்கிள்டிபிக்கு மாறுங்கள். அதன் தின் மோட்தான் இயல்புநிலை. கிளையன்ட் லைப்ரரி இல்லாமலே சர்வரோடு நேரடியாகப் பேசும். பழைய கோடில் ‘இனிட்-ஆரக்கிள்-கிளையன்ட்’ என்ற அழைப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை திக் மோடுக்குப் போய், அதே லைப்ரரியைத் திரும்பவும் தேடும்.